ஐரிக்ஸ் விட்டுச்சென்ற நாளேடு

[காட்சி: பரந்தனில் ஒரு வீட்டு அறை. வெளியே மாரி மழை. கணினித் திரை சட்டென்று அணைகிறது.]

மின்சாரம் போய்விட்டது. இங்கே இது புதிதல்ல. போர்க்காலத்தில் வன்னிக்கு மின்கம்பி வழியே மின்சாரம் வராத ஆண்டுகள் பல. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள்.

அதே காலத்தில், கலிபோர்னியாவில் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் ஐரிக்ஸ் என்ற யுனிக்ஸ் இயங்குதளத்தை விற்றுக்கொண்டிருந்தது. ஜுராசிக் பார்க் படத்தின் கணினி டைனோசர்கள் உருவானது அந்த நிறுவனத்தின் கணினிகளில்தான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று.

[காட்சி: ஒரு கணக்குக் கொப்பி, நெருக்கத்தில்.]

வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைப்பதுதான் கோப்பு முறைமை. ஐரிக்ஸின் பழைய கோப்பு முறைமையில் ஒரு வட்டுப் பகுதி 8 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை முழு வட்டையும் துழாவிப் பிழை தேட வேண்டும். வட்டு பெரிதாகப் பெரிதாகக் காத்திருப்பும் நீளும். 1994இல் வந்த எக்ஸ்எஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமை இதை மாற்றியது. வர்த்தகப் பாடம் படித்தவர்களுக்கு உடனே புரியும்: பேரேட்டில் பதியும் முன் நாளேட்டில் எழுதுகிறோம் அல்லவா? அப்படியே கோப்பின் பெயர், அளவு, இருக்கும் இடம் ஆகியவற்றில் செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் வட்டின் ஒரு தனி இடத்தில் குறித்துவிடும். நடுவில் நின்றுபோனால் அந்தக் குறிப்பைப் படித்து, விட்ட வேலையை முடிக்கும். ஆனால் நீங்கள் சேமிக்காத கடிதத்தை அது காப்பாற்றாது. அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலிவான கணினிகளும் இலவச இயங்குதளமான லினக்ஸும் சிலிக்கன் கிராபிக்ஸின் சந்தையைத் தின்றன. 2006இல் ஐரிக்ஸின் கடைசிப் பதிப்பான 6.5.30 வந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஐரிக்ஸ் கணினிகளின் தயாரிப்பு நின்றது. 2013 டிசம்பரில் ஆதரவும் முடிந்தது. நல்லவேளையாக, எக்ஸ்எஃப்எஸ்ஸின் மூலநிரலை அந்த நிறுவனம் அதற்கு முன்பே திறந்து கொடுத்துவிட்டது. அந்தப் பெருந்தன்மைக்கு நான் இன்றும் நன்றியுடன் இருக்கிறேன். 2014இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் லினக்ஸ் ஏழாம் பதிப்பு அதையே தன் இயல்பான கோப்பு முறைமையாக்கியது.

[காட்சி: மின்விளக்கு எரிகிறது. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடுகின்றன.]

மின்சாரம் வந்துவிட்டது. இந்தக் கணினியில் எக்ஸ்எஃப்எஸ்ஸை நான் தெரிந்தேதான் போட்டேன். திரையில் இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள். முதலாவது, மீட்பு தொடங்குகிறது என்கிறது. அடுத்தது, முடிந்தது என்கிறது.