ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தும் சுவிசேஷம் சொல்ல வேண்டுமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்கள்: "பாஸ்டர், என்னோடு வேலை செய்கிற ஒரு தோழிக்கு இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பாரம் இருக்கிறது. ஆனால் அவள் ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். சொன்னால் நட்பும் கெட்டுப்போகும். அப்படியும் சொல்லத்தான் வேண்டுமா?"

சொல்ல வேண்டும். ஆனால் "நன்றாகவே தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே சகோதரி, அது எப்படித் தெரியும்? வீடு வீடாக நுழைந்து விசுவாசிகளை இழுத்துக்கொண்டுபோய்ச் சிறையில் போட்ட சவுலைப் பார்த்து, இவன் ஒருநாள் இயேசுவைப் பிரசங்கிப்பான் என்று அன்றைக்கு எருசலேமில் யாராவது நினைத்திருப்பார்களா? அந்தச் சவுலிடம் கர்த்தரே போகச் சொன்னபோதுகூட, தமஸ்குவில் இருந்த அனனியா என்ற சீஷர், ஆண்டவரே, அந்த மனுஷன் செய்த பொல்லாங்கையெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேனே என்றுதான் தயங்கினார்.

அதே சவுல்தான் பிற்பாடு பவுலாக அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்று பேசுகிறார், அப்போஸ்தலர் 17-ல் இருக்கிறது. மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற வார்த்தை வந்ததும் சிலர் கேலி செய்தார்கள், சிலர் இதைப் பற்றி இன்னொரு தடவை கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியு, தாமரி என்ற ஒரு ஸ்திரீ, இன்னும் சிலர் விசுவாசித்தார்கள். பேசினது ஒரே ஆள், ஒரே செய்தி. கேலி செய்தவர்களைப் பிடித்து நிறுத்தி பவுல் வாதாடவும் இல்லை, பேசி முடித்து அங்கிருந்து போய்விட்டார்.

நம்மில் நிறைய பேருக்கு இங்கேதான் குழப்பம். எதிரில் இருப்பவர் ஏற்றுக்கொண்டால்தான் நான் ஒழுங்காகச் சொன்னேன் என்று அர்த்தம் என நினைக்கிறோம். பவுல் கொரிந்தியருக்கு என்ன எழுதுகிறார்? "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்." விளையச்செய்வதை நம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும், பயந்துபோய் வாயே திறக்க மாட்டோம், இல்லையென்றால் திறந்த வாயை மூட மாட்டோம்.

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்தார். அவர் பார்த்த முதல் இந்து ஞானஸ்நானம் 1800 டிசம்பரில். ஏழு வருஷம்! ஞானஸ்நானம் பெற்றவர் கிருஷ்ண பால் என்ற தச்சர். தோள்பட்டை நழுவி வேதனையோடு இருந்தவருக்கு, கேரியோடு ஊழியம் செய்த மருத்துவர் ஜான் தாமஸ் அதைச் சரிப்படுத்திவிட்டார், அந்த நேரத்தில் பேசின வார்த்தைகள் அவருக்குள் வேலை செய்தன.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில் என் நண்பர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். நடுவில் அவர், "அப்போ செத்துப்போன எங்க அப்பா?" என்றார். நான் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பாயிண்டுக்குப் போய்விட்டேன். அவர் பைக் சாவியைக் கையில் எடுத்து அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. அதற்கப்புறம் பல மாதம் என் போனை எடுக்கவில்லை. அவர் இருதயம் கடினம் என்று சபையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒருநாள் ஜெபத்தில்தான் உறைத்தது, அவர் தன் அப்பாவைப் பற்றி அல்லவா கேட்டார், அப்பாவை இழந்த ஒரு மகனாக அவரை நான் பார்க்கவே இல்லையே.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இயேசுவைச் சொன்னதற்காக இல்லை, அவர் பேசினதைக் கேட்காததற்காக. அன்றைக்குத்தான் அவர் அப்பாவைப் பற்றி மனம் விட்டுப் பேசினார். அந்தக் கேள்விக்கு, எனக்குத் தெரியாது, ஆனால் சர்வலோக நியாயாதிபதி நீதி செய்வார் என்று நம்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். இன்றுவரை அவர் விசுவாசத்துக்குள் வரவில்லை. ஆனால் போன் எடுக்கிறார், சில சமயம் அவரே கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார்.

அதனால்தான் பேதுரு, விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறார். உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொன்னதைக் கேட்டு, ஐசுவரியவானான ஒரு வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது இயேசு பின்னால் ஓடி, சரி, பாதியை விற்றால் போதும் என்று பேரம் பேசவில்லை. செய்தியையும் குறைக்கவில்லை, அவனைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அவன்மேல் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார்.

ஆகவே சகோதரி, முதலில் அவளிடம், "என் வாழ்க்கையில் நடந்தது ஒன்றைச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். சொல்லச் சொன்னால், கர்த்தர் உங்களுக்குச் செய்ததைப் பத்து நிமிஷத்தில் சொல்லுங்கள், லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து குணமானவனிடம் இயேசு சொல்லச் சொன்னதும் அவ்வளவுதான். அவள் எந்தப் பதில் சொன்னாலும் மறுநாள் வழக்கம்போல அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவள் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கமெண்டில் போடுங்கள், இந்த வாரம் நாங்களும் அவளுக்காக ஜெபிக்கிறோம்.