டயர் உரசல் தீர்ந்தது: மட்கார்டை வெட்டவும் இல்லை, உருட்டவும் இல்லை!

வணக்கம் மக்களே! சத்தம் நின்றுவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், போன வீடியோவில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டிருந்தீர்கள். ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தால் 'கர்ர்ர்' என்று வருமே, அது. இப்போது ஒடிக்கிறேன், கேளுங்கள்... ரிவர்ஸிலும் ஒடிக்கிறேன்... ஒன்றுமே இல்லை! காலையிலிருந்து இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

இந்த 17 இன்ச் அலாயை மாட்டிய நாளிலிருந்து கமெண்டில் எனக்கு வராத யோசனை இல்லை. மட்கார்டு விளிம்பை உருட்டி உள்ளே மடக்கு, ஸ்பிரிங்கை மாற்று, டயரைச் சின்னதாக்கு, ஸ்பேசர் போடு. அந்த ஸ்பேசர் யோசனையைப் படித்தால்தான் எனக்குக் கோபமே வருகிறது. ஸ்பேசர் என்பது வீலுக்கும் அது மாட்டுகிற இடத்துக்கும் நடுவில் வைக்கிற தகடு, அது வீலை வெளியே தள்ளும். என் டயர் உரசுவதே வெளிப்பக்கம். உள்ளே ஸ்ட்ரட்டில், அதாவது ஷாக் அப்சார்பர் தண்டில், உரசுகிறவனுக்குச் சொல்ல வேண்டிய வைத்தியத்தை எனக்குச் சொன்னால் எப்படி?

கணக்கைப் பாருங்கள், கணக்கு போடாமல் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது. பழைய வீல் 6.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 45. ஆஃப்செட் என்றால் வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்துகிற முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. புதுசு 7.5 இன்ச், ஆஃப்செட் 38. அகலம் ஒரு இன்ச் கூடினால் உள்ளே பாதி, வெளியே பாதி, அதாவது பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர். ஆஃப்செட் 7 குறைந்ததால் வீல் மொத்தமாக 7 மில்லிமீட்டர் வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 20 கூடுகிறது, உள்பக்கம் 6 கூட முழுசாக இல்லை. உயரமோ, பழைய 205/55 ஆர்16 டயர் 632 மில்லிமீட்டர், இந்த 225/45 ஆர்17 டயர் 634. வெறும் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். டயர் உயரமாகிவிட்டது, அதான் உரசுகிறது என்று அடித்துச் சொன்னவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

சரி, எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க நம்ம சாக்பீஸ்தான், பழைய ஆட்களுக்குத் தெரியும். டயரின் தோள்பட்டை முழுக்க வெள்ளையாகப் பூசி, இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து மெதுவாக ஒரு ரவுண்டு. இறங்கிப் பார்த்தால் இடது முன் டயரில், வெளி ஓரத்தில், பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரே ஒரு மெல்லிய இடம் மட்டும் அழிந்திருக்கிறது. பட்டையாக அழிந்திருந்தால் மட்கார்டுக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் லைனரோ விளிம்போ என்று சொல்லலாம். இவ்வளவு மெல்லிசாக என்றால் கூரான ஏதோ ஒன்று இடிக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்பரும் மட்கார்டும் சேருகிற மூலையில் ஒரு ஸ்க்ரூ, அதன் தலை மட்டும் பளபளவென்று மின்னுகிறது. அக்கம்பக்கமெல்லாம் ஒரே சேறு!

அந்த ஸ்க்ரூவைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். டயர் தேய்த்துத் தேய்த்து அதன் நட்சத்திரப் பள்ளமே மழுங்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவர் வைத்தால் வழுக்குகிறது. ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருகினேன், ரப்பர்தான் கிழிந்தது. துரு இளக்குகிற ஆயிலை அடித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தேன், அசையவில்லை. கை நுழைகிற இடமும் இல்லை, வீலைக் கழற்றினால்தான் நேராகப் பார்க்கவே முடியும். கடைசியில் லாக் பிளையரால் தலையைக் கவ்விப் பிடித்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே இந்த வீடியோவை எடுத்திருக்கிறேன். இதோ, கையில் வைத்திருக்கிறேன், தலை ஒரு பக்கம் சாய்வாகச் சீவினது போல இருக்கிறதா? சீவியது என் டயர்!

அதற்குப் பதில் தட்டைத் தலை ஸ்க்ரூ போட்டேன். பின்னால் இருந்த பிளாஸ்டிக் லைனரை ஹீட் கன்னால் சூடாக்கி, கையுறை போட்ட கையால் உள்ளே அமுக்கி, ஆறும் வரை பிடித்துக்கொண்டேன். ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டாதீர்கள், லைனர் ஓட்டையாகிவிடும்.

ஐயோ, ஒன்று விட்டுப்போச்சு. வீலைக் கழற்றியபோதே டயரில் அந்தக் கோடு எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிட்டேன். மேலோட்டமான ரப்பர்தான், பயமில்லை. உள்ளே நூலோ கம்பியோ தெரிந்தால் அந்த டயரை ஓட்டவே கூடாது, வேறு பேச்சே இல்லை.

பின்பக்கம் ஆட்கள் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டு விளிம்பில் உரசினால் அது வேறு கதை. அங்கே விளிம்பை மடக்கத்தான் வேண்டும், ஆனால் ஹப்பில், அதாவது வீல் பொருந்துகிற நடுப்பகுதியில், மாட்டுகிற ரோலரை வைத்து, பெயின்ட்டை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக. டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் உருட்டுக்கட்டையைச் செருகி வண்டியை நகர்த்துகிற வீடியோக்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. பெயின்ட் வெடித்தால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அதைவிட மோசம் ஸ்பிரிங்கை அறுப்பது. வண்டி தாழ்ந்து உரசல் கூடும், போதாததற்கு ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காரவும் உட்காராது.

கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது வீல் சாய்ந்திருக்கிற கோணம், அதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் டயர் அளவுக்கு 1 டிகிரி நெகட்டிவ் வைத்தால், ஹப்பை வைத்துப் பார்க்கும்போது டயரின் உச்சி சுமார் 5.5 மில்லிமீட்டர் உள்ளே போகும். மேல் விளிம்பில் உரசுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கேம்பரைத் தொட்டால் டோவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணமும், மாறும், அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் உள்பக்கமாகத் தேய்ந்து தீர்ந்துவிடும்.

அப்புறம் ஹப் ரிங்! இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்த அலாயின் நடுத்துளை 73.1 மில்லிமீட்டர், என் ஹப் 60.1. அந்த இடைவெளியை நிரப்ப நடுவில் ரிங் போட்டிருப்பதால்தான் வேகம் போனாலும் ஸ்டீயரிங் நடுங்குவதில்லை. வீலைக் கழற்றி மாட்டும்போது அது கீழே விழுந்து உருண்டு போகும், பார்த்து எடுத்து வையுங்கள். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி டார்க் ரெஞ்சால் முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு இன்னும் அவ்வளவு ஓடவில்லை, இந்த வீடியோவை ஏற்றிவிட்டு ஒரு நீண்ட ரவுண்டு கிளம்புகிறேன். உங்கள் வண்டியில் எந்தப் பக்கம், எப்போது உரசுகிறது, வீலில் ஆஃப்செட் என்ன எழுதியிருக்கிறது, மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், கணக்கு போட்டுச் சொல்கிறேன்.