41 பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து நேராக இங்கே வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, சீருடையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வனவர் தம்பி அவர்களே, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். நூலகர் அம்மாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். போன மழையில் இந்தக் கூரை ஒழுகியபோது அலமாரிகளை அவரே இழுத்து நகர்த்தினார், ஒரு புத்தகம் நனையவில்லை. விஷயம் தெரிந்த மறுநாளே பேரூராட்சித் தலைவர் அம்மா ஆள் அனுப்பிக் கூரையைச் சரிசெய்து கொடுத்தார். இதையெல்லாம் மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

‘வேடந்தாங்கலுக்குப் பிள்ளைகளோடு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எப்போது போவது, போன இடத்தில் எப்படி இருப்பது, திரும்பி வந்த பிறகு என்ன செய்வது. மூன்றுக்கும் சேர்த்து என் பாட்டி அடிக்கடி சொன்ன ஒரு பழமொழி போதும்: பதறாத காரியம் சிதறாது.

முதலில், எப்போது? வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகுதான். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில்தான் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. அடியில் தண்ணீர் நின்றால் பூனையும் நரியும் கூட்டுப் பக்கம் வர முடியாது. நவம்பரில் வரத் தொடங்கினால் குஞ்சு பொரித்து, வளர்த்து, மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். மே மாத விடுமுறையில் போய் ‘ஒன்றும் இல்லையே’ என்று திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அரையாண்டு விடுமுறைதான் சரியான நேரம். அதிலும் மழை குறைந்த வருஷமென்றால் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். நடுப்பகலில் வேண்டாம். காலையில் போங்கள், இல்லையென்றால் மாலை நாலு மணிக்கு மேல், இரை தேடப் போனவை திரும்பும் நேரத்தில்.

இன்னொன்று. அங்கே இருப்பதெல்லாம் வெளிநாட்டுப் பறவை என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். கூடு கட்டுகிற மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள்தான் வடக்கே வெகுதூரத்திலிருந்து வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை, குளிர்காலம் கழிந்ததும் போய்விடும். தூரத்திலிருந்து வந்தால்தான் பெருமை என்று ஒரு பிள்ளை மனசில் பதிந்துவிட்டால், தன் ஊர் ஏரியை அது திரும்பிப் பார்க்காது.

ஊர் என்றதும் வேடந்தாங்கல் மக்களைச் சொல்லியாக வேண்டும். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே கவுலாக, அதாவது அரசாங்க உறுதிப் பத்திரமாக, எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. வனவிலங்குச் சட்டம் 1972-ல்தான் வந்தது. முக்கியமான நீர்நிலைகளுக்கு உலக அளவில் தரும் ராம்சார் அங்கீகாரம் 2022-ல், பக்கத்துக் கரிக்கிலிப் பறவைகள் சரணாலயத்துக்கும் அதே வருஷம் கிடைத்தது. ஊராரோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. இன்றைக்கும் அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. முன்னால் இருக்கிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, இரண்டாவது செய்தி. போன இடத்தில் எப்படி இருப்பது? நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

நான் ஆசிரியர் வேலையில் இருந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 41 பேரை அழைத்துப் போனேன். கையில் ஒரே ஒரு பைனாகுலர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் மைத்துனர் கொடுத்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் ஒரே ஓட்டம். கரையோர மரத்திலிருந்த வக்காக் கூட்டம் குபீரென்று கிளம்பிப் போய்விட்டது. உடனே பாட்டியின் பழமொழியைச் சொன்னேன், பதறாத காரியம் சிதறாது என்று. எல்லோரையும் கரையில் வரிசையாக உட்கார வைத்தேன். இருபது எண்ணும் வரை ஒருவர் பார்க்கலாம், பக்கத்துப் பிள்ளை மனசுக்குள் எண்ண வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கடைசி வரிசையில் ஒரு பெண்பிள்ளை. வகுப்பிலும் கடைசி பெஞ்சுதான். கரும்பலகையில் எழுதிப் போட்டதைத் தப்புத்தப்பாக எழுதுவாள், நானே பலமுறை கடிந்திருக்கிறேன். “ஏரியில என்னம்மா தெரியுது?” என்று கேட்டேன். “மரத்துல பாலிதீன் பை மாட்டியிருக்கு சார்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஊரில் காற்றடித்தால் வேலிக்கருவை முழுக்க வெள்ளைப் பைதான் தொங்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்?

அவள் முறை வந்தது. நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருகினாள், இன்னும் திருகினாள். இருபது எண்ணி முடித்தும் கொடுக்கவில்லை. பக்கத்துப் பையன் பிடுங்கிக் கண்ணில் வைத்தான். “சார், கெடுத்துட்டா, ஒண்ணும் தெரியல!” என்று கத்தினான். சரிசெய்து கொடுத்தேன். இரண்டாவது சுற்றிலும் அதேதான். அவள் திருகினாள், அடுத்தவனுக்கு மங்கல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எதுக்கு இதைத் திருகுற?” என்று சத்தம் போட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: “திருகினாத்தான் சார் இலை தெரியுது.”

பறவை தெரிகிறது என்று அவள் சொல்லவில்லை. இலை என்றாள். மரம் என்றால் பச்சையாக ஒரு பொதி என்றே அதுவரை நினைத்திருக்கிறாள். அவளுக்குக் கிட்டப்பார்வை. சக்கரத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகினால் பைனாகுலர் மூக்குக்கண்ணாடியின் வேலையையும் சேர்த்துச் செய்யும். யாரும் சொல்லித்தராமல் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏழு வருஷம் அவளுக்குப் பாடம் நடத்திய நாங்கள் ஒருவரும் அவள் கண்ணைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு நான் சத்தம் போட்டது இன்றும் என் மனசை விட்டுப் போகவில்லை.

மற்ற பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லி, “கொஞ்ச நேரம் அவளே வைத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டேன். பிடுங்கிய பையன்தான் முதலில் சரி என்றான். அவள் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நாற்பது பேர் கேட்டார்கள். “சார், அந்த நாரைக்கு மூக்கு நடுவுல சந்து இருக்கு. குஞ்சுக்குச் சந்து இல்ல.” நத்தை குத்தி நாரை. வளர்ந்த பறவையின் அலகில்தான் அந்த இடைவெளி இருக்கும், குஞ்சின் அலகு ஒட்டியே இருக்கும். அதுவரை எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்துத்தான் அவள் சொன்னது சரியென்று உறுதி செய்துகொண்டேன். அடுத்த வாரம் அவள் அப்பாவோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் கண்ணாடி வாங்கினோம்.

மூன்றாவது செய்தி, திரும்பி வந்த பிறகு என்ன செய்வது? அதற்காகத்தான் இந்த மேடைக்கு ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் இதைச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் பைனாகுலர் இரவல் கொடுக்க வேண்டும். புத்தகம் எடுக்கிற அதே உறுப்பினர் அட்டையில், மூன்று நாள் தவணையில்.

நூலகத்துக்கு எதற்கு பைனாகுலர் என்று கேட்கிறார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காக எத்தனையோ வருஷம் உழைத்தார். விலை கொடுத்து வாங்க முடியாதவர் கையிலும் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் நாமெல்லாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பைனாகுலரும் அப்படித்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கழுத்தில் தொங்குகிறது, மற்ற பிள்ளைகளுக்குப் பாலிதீன் பைதான் தெரிகிறது.

வாங்கும்போது 8×30 அல்லது 8×32 என்று போட்டதை வாங்க வேண்டும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அடுத்த எண் முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 10 மடங்கு பிள்ளைகள் கையில் ஆடும், கனமும் கூடும். பிள்ளைகளின் கண்கள் நெருங்கி இருப்பதால் நடுக்கீல் நன்றாக மடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கண்ணாடி போட்ட பிள்ளை, கண் வைக்கும் இடத்து ரப்பரை மடக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். அலுவலர் ஐயா குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன், மிக்க நன்றி.

பதறாத காரியம் சிதறாது என்பதால், எல்லா நூலகத்திலும் நாளைக்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதலில் இந்த நூலகத்தில் இரண்டு. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று என் மைத்துனர் கொடுத்த பைனாகுலரையே கொண்டு வந்திருக்கிறேன். நூலகர் அம்மா இதைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வார் புதிது. இடது பக்கக் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் உண்டு, பார்வையை மறைக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, கூட்டம் முடிந்ததும் பின்பக்க ஜன்னலுக்கு வாருங்கள். அங்கிருந்து நம் ஏரி தெரியும், காலையில் வந்தபோது பட்ட மரத்தில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு இருபது இல்லை, நூறு வரை எண்ணலாம். சக்கரத்தை யார் வேண்டுமானாலும் திருகலாம்.

வணக்கம்.