வீட்டு அலமாரியில் உறங்கும் கணினி வரலாறு

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழு உறுப்பினர்களே, அலுவல் முடிந்த களைப்போடும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நூலக அதிகாரிகளே, தமிழாசிரியப் பெருமக்களே, என் உரையை முன்பே கேட்டிருந்தும் மறுபடி வந்திருக்கும் துணிச்சல்காரர்களே, அனைவருக்கும் வணக்கம். தொடக்ககாலக் கணினிகளைப் பல்சக்கரக் காலம், வெற்றிடக் குழாய்க் காலம், டிரான்சிஸ்டர் காலம் என மூன்றாகப் பகுத்துப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்.

குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்காது என்பார்கள். பல்சக்கரக் காலத்துக்குச் சான்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் வரைந்த இரண்டாம் வேறுபாட்டுப் பொறி, அதாவது கணித அட்டவணைகளைக் கணக்கிடும் பொறி. அது அவர் வாழ்நாளில் உருப்பெறவே இல்லை. எஞ்சிய வரைபடங்களைக் கொண்டு லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் அதன் கணக்கிடும் பகுதியைக் கட்டியது. அது சரியாகவே கணக்கிட்டது.

அடுத்தது வெற்றிடக் குழாய்க் காலம்; மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய்களால் கணினிகள் இயங்கிய காலம். டாமி ஃபிளவர்ஸ் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர். ஆயிரக்கணக்கான குழாய்களை இணைத்தால் அவை பழுதாகிக்கொண்டே இருக்கும் என்று பலர் தயங்க, அணைக்காமல் வைத்திருந்தால் நிலைக்கும் என்று தம் அனுபவத்தால் அறிந்திருந்த அவர், ஜெர்மானிய மறைகுறியீட்டை உடைக்க உதவும் கொலோசஸ் பொறியைக் கட்டினார். 1944இல், இங்கிலாந்தின் மறைகுறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் அது வேலை செய்யத் தொடங்கியது. போர் முடிந்ததும் பெரும்பாலான பொறிகளைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடங்களை அழிக்கும்படி ஆணை வர, ஃபிளவர்ஸ் அவற்றை உலையில் இட்டார். பின்னர் அதுபோன்ற ஒரு பொறியைக் கட்ட அவர் வங்கியில் கடன் கேட்டபோது, இப்படியொரு பொறி இயங்காது என்று மறுத்துவிட்டார்களாம். ‘ஐயா, நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன்’ என்று அவரால் வாய்திறக்க முடியவில்லை, ஏனென்றால் அது அரசாங்க இரகசியம்! 1946இல் அமெரிக்காவின் எனியாக் கணினி உலகப் புகழ் பெற்றது; கொலோசஸின் கதை 1970களில்தான் வெளிவந்தது. பிறகு டோனி சேல் என்பவர் 1993இல் அதை மீண்டும் கட்ட முனைந்தபோது கைகொடுத்தவை சில புகைப்படங்களும், பொறியாளர்கள் சிலர் விதியை மீறித் தங்களிடமே வைத்திருந்த மின்சுற்றுத் துண்டுப் படங்களும்தான். இன்று அதே வளாகத்திலுள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் அந்த மறுஆக்கம் ஓடுவதைக் காணலாம்.

டிரான்சிஸ்டர் காலத்தை விரித்துரைக்க நேரமில்லை. 1963இல் நம் சிங்கப்பூரின் மத்திய சேமநிதிக் கழகம், டிரான்சிஸ்டர்களால் ஆன ஐபிஎம் 1401 கணினியை நிறுவியது. அவ்வகைக் கணினியைச் சீரமைத்து இயக்கிக் காட்டுகிறது கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள், தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கிய பழைய நாளிதழ்களில், தமிழ் முரசு உட்பட, அக்காலக் கணினிச் செய்திகளை வீட்டிலிருந்தபடியே தேடலாம்.

ஆனால் தமிழ்க் கணிமையின் வரலாற்றை எங்கே தேடுவது? 1990களில் நா. கோவிந்தசாமி கணியன் எனும் தமிழ் மென்பொருளை இங்கேதான் உருவாக்கினார். 1997இல் தமிழ்நெட் எனும் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இங்கேதான். அந்நாளில் மென்பொருளுக்கு மென்பொருள் குறியாக்கம், அதாவது எழுத்துகளுக்குத் தரும் எண்முறை, வேறு. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் ஃபிளாப்பி எனும் நெகிழ்வட்டில் இருக்கும் கவிதை வெறும் குறிகளாகவே தெரியும். குன்றிமணி நிறம் மங்காது. நெகிழ்வட்டின் காந்தப்பூச்சோ மங்கும். வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு வண்ணம் பூசும் நாளில், பழைய பொருள் வாங்கும் காரங்குனிக்காரரிடம் போகும் பெட்டிக்குள் இதெல்லாம் இருக்கிறது என்று நான் பல மேடைகளில் சொல்லி வருகிறேன். முன்வரிசையினர் என்னை மன்னிக்க வேண்டும்.

வட்டுகள், கையேடுகள், விசைப்பலகை ஒட்டிகள் வைத்திருப்பவர்கள், எந்த மென்பொருள், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். வட்டைக் கணினியில் இட்டுச் சோதிக்க வேண்டாம். படிக்கும் கருவி ஏற்பாடு செய்தபின் நானே வந்து பெற்றுக்கொள்கிறேன். பெயர் பதிவதற்கான படிவம் பின்புற மேசையில், தேநீர்க் கோப்பைகளுக்கு அருகில் இருக்கிறது.