சிவப்பு லைட்டை யார் போடறாங்க?

நேயர்களுக்கு வணக்கங்க. மழைக்காடு, அதைப் பத்தின ஆராய்ச்சி, அங்க வாழற ஜனங்க, இந்த மூணையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் பேசுங்கன்னு நிலையத்துல கேட்டாங்க. மழைக்காடுன்னு சொன்னதும் நம்மாளுங்க நேரா அமேசானுக்குப் போயிடுவாங்க, அனகோண்டா அது இதுன்னு. நான் அவ்வளவு தூரமெல்லாம் கூட்டிட்டுப் போகலைங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல ஏறி, ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவு சுத்தினா வால்பாறை. நம்ம ஊர் மழைக்காடு அங்கதான் இருக்கு, இல்ல, இருந்துச்சுன்னு சொல்லணும், கொஞ்சம் மிச்சம் இருக்கு. அந்த மலையில ஆராய்ச்சிக் குழுக்களோட சேர்ந்து கள வேலை பார்த்தவன்ங்கற முறையில எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

வால்பாறை பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890கள்ல இருந்து காட்டை வெட்டி வெட்டி காபி, அப்புறம் டீ போட்டாங்க. வெள்ளைக்காரன் காலத்துல கங்காணிங்க கீழ் நாட்டுல இருந்து ஜனங்களைக் கூட்டிட்டு வந்து லைன் வீட்டுல அடைச்சாங்க, அந்தக் கதை தனியா பேச வேண்டிய கதை, இன்னிக்கு வேணாம். 2011 கணக்குப்படி நகராட்சியில சுமார் 70,000 பேர். சுத்தியும் பாத்தீங்கன்னா ஒரு பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் பரம்பிக்குளம், கேரளாவோட வாழச்சால் காடு. நடுவுல டீத் தோட்டம். அந்தத் தோட்டத்துக்குள்ள பாறை இருந்த இடம், ஓடைக் கரை, ஏலக்காய் போட்டு விட்ட இடம்னு வெட்டாம விட்ட காடு, கிழிஞ்ச வேட்டியில மிஞ்சின கரை மாதிரி அங்கொண்ணும் இங்கொண்ணுமா கிடக்கு. சிலது ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர், சிலது நூறு ஹெக்டேருக்கு மேல. இதைத் துண்டுக்காடுன்னு சொல்லுவோம்.

இப்ப யானைக்கு இந்தத் தோட்டம், எல்லைக்கல், கம்பெனி பேரெல்லாம் ஒண்ணும் தெரியாது. இந்தக் காட்டுல இருந்து அந்தக் காட்டுக்குப் போகணும்னா வால்பாறையைக் கடந்துதான் போகணும். சுமார் நூறு யானைங்க இப்படிப் போக வர இருக்குது. முன்னாடியெல்லாம் யானை வந்துச்சுன்னா பட்டாசு, தகரம் தட்டறது, தீப்பந்தம், ஒரு எஸ்டேட்காரங்க விரட்டினா அது பக்கத்து எஸ்டேட்டுக்குப் போகும், அவங்க திருப்பி விரட்டுவாங்க, யானையும் மிரண்டு போய் கண்ட பக்கம் ஓடும், இப்படியே ராத்திரி பூரா நடக்கும்.

2002ல நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன், அது மைசூர்ல 1996ல ஆரம்பிச்ச நிறுவனம், அதுல இருந்த ஆனந்தகுமார் யானைங்க பின்னாடியே போய்க் குறிப்பு எடுக்க ஆரம்பிச்சாரு. எங்க நிக்குது, எப்ப நகருது, எந்த ஓடையோரமா போகுது. தெரிய வந்தது என்னன்னா, பகல்ல பெரும்பாலும் யானைங்க துண்டுக்காட்டுலயும் ஆத்தோரத்துலயும்தான் பதுங்கி இருக்குது, பொழுது சாய்ஞ்சாத்தான் தோட்டத்து வழியா கிளம்புது. அப்புறம் சாவுங்க. யானை தாக்கி செத்தவங்க ஒவ்வொருத்தர் விஷயத்தையும் விசாரிச்சுப் பாத்தா, வீட்டை உடைச்சு ஆளைக் கொன்னதெல்லாம் கொஞ்சம்தான், பெரும்பாலானவங்க பக்கத்துல யானை நிக்கறதே தெரியாம நேருக்கு நேரா போய் மாட்டினவங்க. வால்பாறை மூடுபனி தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். டவுனுக்குப் போய் சாமான் வாங்கிட்டு கடைசி பஸ்ல வந்து ரோட்டுல இறங்கி, அங்க இருந்து லைன் வீட்டுக்கு இருட்டுல டீச்செடிக்கு நடுவுல நடந்து போகணும். அஞ்சடி முன்னாடி என்ன நிக்குதுன்னு தெரியாது.

அப்ப பிரச்சினை யானை இல்ல, தகவல். இதைக் கண்டுபிடிச்சதுதான் அந்த ஆராய்ச்சியோட பெரிய விஷயம்னு நான் நினைக்கறேன், ஏன்னா தகவலைச் சரி பண்ணலாம், யானையைச் சரி பண்ண முடியாது.

முதல்ல லோக்கல் கேபிள் டிவியில, சாயங்காலம் சீரியல் ஓடிட்டிருக்கும்போதே கீழ எழுத்து ஓடவிட்டாங்க, இன்ன எஸ்டேட் இன்ன நம்பர் தோட்டத்துல யானை நிக்குதுன்னு. அதுக்கப்புறம் எஸ்எம்எஸ், போன்ல தமிழ்ல பேசற குரல் செய்தி. ஆனா எல்லார்கிட்டயும் போன் இருக்காது, இருந்தாலும் டவர் கிடைக்காது, வேலை முடிச்சு வர்ற அம்மா இடுப்புல சொருகி வெச்ச போனை எடுத்துப் பாத்துட்டா நடப்பாங்க? அதனால 2011ல இருந்து சிவப்பு எல்இடி லைட்டு. மேடான இடமாப் பாத்து, ஜனங்க நடமாடற இடமாப் பாத்து கம்பத்துல மாட்டியிருக்காங்க, அதுக்குள்ள ஒரு சிம் கார்டு. பதிவு பண்ணின போன்ல இருந்து கூப்பிட்டா லைட் விட்டு விட்டு எரியும், ஒரு கிலோமீட்டர் தூரத்துல இருந்தே தெரியும். எரியுதா, சுத்துவட்டாரத்துல யானை இருக்குன்னு அர்த்தம், வழியை மாத்திக்கோ, இல்லன்னா நாலு பேரு சேர்ந்து போ.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்குங்க. அந்த லைட்டைப் போடறது யாரு? ஒவ்வொரு லைட்டுக்கும் மூணு பேர் நம்பரைப் பதிவு பண்ணுவாங்க, மூணு பேருமே அந்த எஸ்டேட் ஆளுங்க, கொழுந்து பறிக்கறவங்க, வாட்ச்மேன், சூப்பர்வைசர், அப்படி. ஆரம்பத்துல பாதி தடவைக்கு ஆராய்ச்சிக் குழுவே லைட் போட வேண்டியிருந்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துல ஏறக்குறைய எல்லாத்தையும் ஊர்க்காரங்களே போட ஆரம்பிச்சுட்டாங்க. சாவு குறைஞ்சுது. அடியோட நின்னு போச்சுன்னு சொல்ல மாட்டேன், இப்பவும் நடக்குது, நடக்கறப்ப நெஞ்சு பதறுது, ஆனா குறைஞ்சுது. ஆனந்தகுமாருக்கு 2015ல இங்கிலாந்துல, இயற்கைப் பாதுகாப்புக்குன்னு குடுக்கற வைட்லி விருது குடுத்தாங்க. நல்ல விஷயம். ஆனா ராத்திரி எட்டு மணிக்கு யானை சத்தம் கேட்டு, சோத்துத் தட்டைக் கீழ வெச்சுட்டு போனைத் தேடறவங்களுக்கு யாரும் விருது குடுக்கறதில்ல.

இன்னொண்ணு, அரிசி. யானை அடிச்சு உடைச்ச கட்டடங்களைக் கணக்கெடுத்தா ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும்தான் திரும்பத் திரும்ப வருது. அரிசி மூட்டை எங்க அடுக்கறோம்ங்கறதுலயே பாதி சண்டை இருக்கு. இது வனத்துறை ஃபைல்ல வராது, உணவு வழங்கல் துறை ஃபைல்ல போகும், ரெண்டு ஃபைலும் ஒரு மேஜைக்கு வர எத்தனை நாள் ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

சரி, காடு. அந்தத் துண்டுக்காடுகள்ல பல இடம் உண்ணிச்செடிங்கற வெளிநாட்டுப் புதர் ஏறி, பேருக்கு நாலு மரத்தோட நின்னுச்சு. திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ரெண்டு பேரும் 2000த்தை ஒட்டி இங்க வந்து, டீ கம்பெனிங்ககிட்டப் பேசி, அவங்க நிலத்துலயே இருக்கற துண்டுக்காட்டைத் திரும்ப வளர்க்க ஆரம்பிச்சாங்க. மரம் நடுவிழான்னா நம்ம ஊர்ல என்ன நடக்கும், ஒரு விஐபி, ஒரு பேனர், ஒரே மாதிரி நூறு கன்னு, மறுநாள் ஆடு தின்னுடும். இங்க அப்படியில்ல. விதை எடுக்கறதே காட்டுக்குள்ள போய் இல்ல, ரோட்டுல விழுந்து டயர்ல நசுங்கப் போற விதை, மரநாய் எச்சத்துல கிடக்கற விதை, அதைப் பொறுக்கி வந்து நாற்றங்கால்ல போடறாங்க. வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம், காட்டு நாவல்னு நூத்துக்கும் மேல வகை. இந்தக் கன்னுகளைப் பிரிச்சுச் சொல்றது இருக்கே, அது சாதாரண வேலையில்லைங்க. ரெண்டு இலை விட்ட கன்னைப் பாத்தா எனக்கு எல்லாமே ஒண்ணு மாதிரிதான் தெரியும், நாற்றங்கால்ல வேலை பாக்கற அக்கா இலையைத் திருப்பிப் பாத்து, கிள்ளி மோந்து பாத்து, இது இன்னது, பால் வருது பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பாங்க. ஜூன்ல மழை பிடிச்சதும் நடவு. தலைக்கு மேல பிளாஸ்டிக் ஷீட்டு, கால்ல புகையிலையும் சுண்ணாம்பும் தடவியிருப்பாங்க, அப்பவும் அட்டை ஏறும். உண்ணியை வெட்டறப்ப நடுவுல தானா முளைச்ச காட்டுக் கன்னு தப்பித் தவறி வெட்டுப்படாம பாத்துக்கணும், அதுக்கும் அந்தக் கண்ணுதான் வேணும்.

நட்டு 7ல இருந்து 15 வருஷம் ஆன இடங்களை அளந்து 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. சும்மா விட்டு வெச்ச இடத்தைவிட நட்ட இடத்துல மர வகையும் அதிகம், நிழலும் அதிகம், மரத்துல சேர்ந்த கார்பனும் அதிகம். நல்ல காட்டு அளவுக்கு இன்னும் வரலை, வர நாளாகும். புதுத்தோட்டம் பக்கம் போனீங்கன்னா ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பாங்க, சிங்கவால் குரங்கு கீழ இறங்கி வண்டியில அடிபடாம கடக்கறதுக்கு. அங்க வண்டியை நிறுத்தி மெதுவா அனுப்பறவங்களும் உள்ளூர் ஆளுங்கதான்.

காடர்ங்கற பழங்குடி ஜனங்களைப் பத்திச் சொல்லாம ஆனைமலையைப் பத்திப் பேச முடியாது. எஸ்டேட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி இருந்தே அந்த மலை அவங்களோடது. 1990கள் ஆரம்பத்துல ரகுபதி கண்ணன்ங்கற பறவை ஆராய்ச்சியாளர் இங்க இருவாச்சியைப் பத்திப் படிச்சாரு. இருவாச்சி தெரியுமில்லையா, பொட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும், மூக்கு நுழையற அளவு ஒரு கீறல் மட்டும் விட்டுட்டு, மூணு நாலு மாசம் ஆண் பறவைதான் பழம் கொண்டு வந்து ஊட்டணும். அவ்வளவு பெரிய காட்டுல அந்தப் பொந்து எந்த மரத்துல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? காடர்தான் காட்டினாங்க. கேரளப் பக்கம் வாழச்சால்ல அமிதா பச்சன்ங்கற தாவரவியலாளர் (நடிகர் இல்லைங்க, இவர் வேற) இதையே 2000களோட நடுவுல இருந்து பெரிய வேலையா செஞ்சாரு, முன்னாடி இருவாச்சிக் குஞ்சைப் பிடிச்ச அதே காடர்கள் பொந்துக்குக் காவல் இருந்து, தேதி போட்டு, குஞ்சு வெளிய வந்த கணக்கை எழுதறாங்க. கேரளாவுல இருக்கற நாலு வகை இருவாச்சியும் அந்தக் காட்டுல இருக்கு. அதிரப்பள்ளியில 163 மெகாவாட் அணை கட்டணும்னு வந்தப்ப காடர் ஊர்மூப்பத்தி, அதாவது ஊர்த்தலைவி, கீதா முன்னாடி நின்னு எதிர்த்தாங்க, பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. 2014ல வாழச்சால்ல ஒன்பது காடர் ஊருக்கும் வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமை, அதாவது ஊரா சேர்ந்து காட்டைப் பயன்படுத்திப் பாத்துக்கற உரிமை, கிடைச்சுது.

நம்ம பக்கம் கதை வேற. 2019 ஆகஸ்ட் மழையில கல்லார் காடர் குடியிருப்புல மண் சரிஞ்சு, இருக்க இடமில்லாம, தெப்பக்குளமேடுங்கற இடத்துக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டாங்க. அது அவங்க பழைய மண்ணுதான். அதுக்கு ரெண்டு வருஷம் போராடி 2021லதான் பட்டா கிடைச்சுது. யானைத்தடம் காட்ட, பொந்து காட்ட, வேட்டைத் தடுப்புக் காவலுக்கு காடர் வேணும், வீடு கட்ட ஒரு துண்டு நிலம் கேட்டா மட்டும் புலிகள் காப்பகம்னு சட்டம் பேசுவாங்களா? எனக்கு இதுல கோபம் உண்டு, வானொலிங்கறதால அடக்கிச் சொல்றேன்.

ஆராய்ச்சிக்காரங்களையும் விட்டுட முடியாது. ஒரு குடியிருப்புக்கு நான் போயிருந்தப்ப அங்க இருந்த பெரியவர் ஒருத்தர் என்னைப் பாத்ததுமே நீங்க எத்தனை பக்கம் கேள்வி வெச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. விறகு எத்தனை கட்டு, தேன் எத்தனை கிலோ, வருமானம் என்னன்னு ஒவ்வொரு குழுவா வந்து கேட்டு எழுதிட்டுப் போயிருக்காங்க, ஒருத்தராவது திரும்பி வந்து இதுதான் கண்டுபிடிச்சோம்னு சொன்னதில்ல. அறிக்கை இங்கிலீஷ்ல எங்கயோ வந்திருக்கும். அவருக்கு அது எதுக்கு?

தெற்கே அகத்தியமலையில இருக்கற காணிக்காரங்கங்கற பழங்குடி ஜனங்க கதையையும் சொல்லிடறேன். 1987ல அகத்தியமலைக்குப் போன ஆராய்ச்சிக் குழு மூச்சு வாங்கி உக்காந்துட்டப்ப, வழிகாட்டின காணிக்காரங்க ஒரு சின்னக் காயைத் தின்னுட்டு களைப்பே இல்லாம நடந்தாங்க. அந்தச் செடி பேரு ஆரோக்கியப்பச்சை. அதுல இருந்து கேரளாவுல பாலோடு தாவரவியல் நிறுவனத்துக்காரங்க, புஷ்பாங்கதன் தலைமையில, ஜீவனின்னு மருந்து பண்ணி 1995ல கோயமுத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்கு உரிமம் குடுத்தாங்க. உரிமத் தொகை 10 லட்சம், ராயல்டி ரெண்டு சதவீதம், அதுல பாதி காணிக்காரங்களுக்குன்னு முடிவு பண்ணி 1997ல ஒரு டிரஸ்ட்டும் போட்டாங்க. உலகமே பாராட்டுச்சு. அப்புறம் பாத்தா அந்தச் செடியைப் பயிர் பண்றதுல வனத்துறையோட இழுபறி. பணத்துல பங்கு குடுத்தது பெரிய விஷயம்தான், இல்லைங்கல. ஆனா செடி முளைக்கற மண்ணு மேல அவங்களுக்குச் சொல்லு இல்லன்னா அந்தப் பங்கு எத்தனை நாளைக்கு வரும்?

திரும்ப வால்பாறைக்கு வரேன். இப்ப அங்க டீ வேலைக்கு உள்ளூர்ல ஆள் கிடைக்கறதில்ல. சின்னவங்க திருப்பூர், கோயமுத்தூர்னு இறங்கிட்டாங்க. வயசானவங்க ரிட்டயர் ஆனா லைன் வீட்டைக் காலி பண்ணணும், வீடு கம்பெனியோடது. முப்பது வருஷமா யானை எந்த ஓடையில ஏறும்னு பாத்துப் பழகினவங்க மூட்டை கட்டிக்கிட்டுக் கீழ போறாங்க, அவங்க இடத்துக்கு ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவுல இருந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க, பாவம், அவங்களுக்கு இந்த மலையும் தெரியாது, குரல் செய்தி பேசற தமிழும் தெரியாது. 2025 ஜூன்ல பச்சமலை எஸ்டேட்ல ஜார்க்கண்ட் குடும்பத்துப் புள்ளை ஒண்ணை, நாலு வயசு, வீட்டு வாசல்ல விளையாடிட்டிருந்ததை சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு. அந்தக் குடும்பங்களுக்கு இந்தியிலயும் சாந்தாலியிலயும் சொல்லிக் குடுக்க ஆள் போடணும், அவங்கள்ல இருந்தே ஆள் எடுத்து லைட்டுக்கு நம்பர் பதிவு பண்ணணும், வீட்டைச் சுத்திப் புதர் வெட்டணும், இதுக்கெல்லாம் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்ல, சம்பளத்துக்கு ரெண்டு பேர் போட்டாப் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டறாங்க. லீவுக்கு வால்பாறை போறவங்க ஒன்பதாவது வளைவுல வண்டியை நிறுத்தி வரையாட்டுக்கு பிஸ்கட் போடாதீங்க, சிங்கவால் குரங்குக்கு சிப்ஸ் குடுக்காதீங்க, சிவப்பு லைட் எரிஞ்சா செல்ஃபி எடுக்க இறங்காதீங்க. வணக்கங்க.