செத்த காலேஜில் ஒரு அட்மிஷன்

(சென்னையில் ஒரு வாசகர் வட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அறுபது வயதுக்கு மேல் யார் இருக்கிறீர்கள்? சரி, பாதிப் பேர். உங்களுக்கு ‘செத்த காலேஜ்’ என்றால் விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. ஒன்றில் மிருகங்கள் உயிரோடு நிற்கும், இன்னொன்றில் பஞ்சடைத்து நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதில் காலேஜ் எங்கிருந்து வந்தது என்றால், 1851இல் இந்த மியூசியம் ஆரம்பித்ததே நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான். இப்போது இருக்கும் எழும்பூர் பாந்தியன் ரோட்டுக்கு வந்தது 1854இல். இடம் மாறியும் பெயர் ஜனங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. முதலில் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபோர் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். உயிருள்ள மிருகங்களையும் கொண்டுவந்து வளாகத்தில் வைத்தார். கூட்டம் அள்ளியது. 1855இல் அதுவே தனி மிருகக்காட்சிசாலை ஆகி, சென்ட்ரல் பக்கம் போய், ரொம்பப் பின்னால், 1985இல், வண்டலூர் போய்ச் சேர்ந்தது. ஆக உயிர் காலேஜ் செத்த காலேஜின் பிள்ளை.

எனக்கு இந்தப் பெயர் பிடித்திருக்கிறது. ‘அருங்காட்சியகம்’ நல்ல தமிழ்தான், ஆனால் அதில் பார்ப்பது மட்டும்தான் இருக்கிறது. காலேஜ் என்றால் எதையாவது படித்துவிட்டு வரவேண்டும். நாம் என்ன படித்துவிட்டு வருகிறோம்? நடராஜர், வெண்கலம், 11ஆம் நூற்றாண்டு. அடுத்தது. பார்வதி, வெண்கலம், 11ஆம் நூற்றாண்டு. அடுத்தது. திமிங்கல எலும்புக்கூடு முன்னால் ஒரு போட்டோ, வெளியே வந்து ஒரு ஐஸ். குழந்தைகளைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

குறிப்பு அட்டையில் பெயர், காலம் இரண்டுக்கும் கீழே ஒரு ஊர்ப் பெயர் இருக்கும். அதைத்தான் யாரும் படிப்பதில்லை. திருவாலங்காடு, திருவெண்காடு, வேளாங்கண்ணி. ஆமாம், வேளாங்கண்ணியிலிருந்து வந்த நடராஜர் இங்கே இருக்கிறார், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். இந்த விக்கிரகங்களில் பல கோயிலிலிருந்து நேராக வந்தவை இல்லை, மண்ணுக்கு அடியிலிருந்து வந்தவை. ஏதோ ஒரு காலத்தில் படை வருகிறது என்ற பயத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள், புதைத்தவர்கள் செத்துப்போனார்கள், இடம் மறந்துபோனது. ஐந்நூறு அறுநூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார், மண்வெட்டி ‘டங்’ என்கிறது. 1878இல் வந்த புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய்! அப்படித் தாலுகா ஆபீஸ் வழியாகப் பயணப்பட்டு, எழும்பூர் வந்து சேர்ந்த சாமிகள் இவர்கள். அந்த மண்வெட்டிக்காரர் பெயர் எந்த அட்டையிலும் இருக்காது. கோயிலுக்குக் கொடுத்த ராணி பெயராவது கல்வெட்டில் இருக்கும்.

அப்புறம் ஒன்று. கோயிலில் உற்சவரை நீங்கள் பார்த்ததே இல்லை. சண்டைக்கு வராதீர்கள், யோசித்துப் பாருங்கள். பட்டு, பூ, நகை, சந்தனம், அதற்கு நடுவில் ஒரு முகம், சில ஊர்களில் அந்த முகத்துக்கும் கவசம். இடுப்பு எப்படி வளைகிறது, முதுகில் சடை எப்படி விழுகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? மெழுகில் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகத்தை ஊற்றிய அந்த ஸ்தபதி என்ன செய்தார் என்பதை முழுசாகப் பார்க்க மியூசியம்தான் இடம். பீடத்தில் வளையமும் ஓட்டையும் இருக்கும், பாருங்கள். கழி செருகிப் புறப்பாட்டுக்குத் தூக்குவதற்கு. சில முகங்களில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். அது உடைந்ததல்ல, நூற்றுக்கணக்கான வருஷம் அபிஷேகம் செய்து தேய்த்த கைகளின் வேலை. ரோதான் என்ற பிரெஞ்சு சிற்பி 1913இல் இங்கிருக்கும் நடராஜரைப் பற்றி உருகி எழுதினார், மெட்ராஸ் வந்தே பார்க்காமல், போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு. நாம் மாநகரப் பேருந்து போகும் தூரத்தில் இருக்கிறோம்.

கடல் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லவேண்டும். செம்புக் களிம்பு தெரியும்தானே? சைவ சித்தாந்தம் படித்தவர்கள் உடனே தலையாட்டுவீர்கள், செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று. வெண்கலத்திலும் இது வரும். மண்ணிலிருக்கும் உப்போ கடல் காற்றின் உப்போ உலோகத்துக்குள் போய்விட்டால், கொஞ்சம் ஈரம் பட்டாலும் வெளிர் பச்சையாகப் பொடி பூக்கும். துடைத்தால் போகாது, உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். புளி போட்டுத் தேய்க்கிற சமாசாரம் இல்லை. இதற்காக 1930களிலேயே எழும்பூரில் பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் விக்கிரகங்களைச் சுத்தம் செய்தார். மின்சாரம் செலுத்தி உப்பை வெளியே இழுப்பது. எனக்குக் காட்சிக்கூடத்தைவிட இந்தக் கதைதான் அதிகம் பிடிக்கும், ஆனால் இதைச் சொல்ல அங்கே ஆள் கிடைப்பது அபூர்வம்.

அமராவதிக் கற்களின் கதை இன்னும் வருத்தமானது. ஆந்திரத்தில் அமராவதி என்ற ஊரில் இருந்த பௌத்த ஸ்தூபியின் சிற்பக் கற்கள் அவை. 1845இல் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார், இங்கே வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன, 1859இல் ஒரு பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பல் ஏறியது. நாம் பார்ப்பது மிச்சம். லண்டன்காரன் எடுத்துக்கொண்டு போனான் என்று கோபப்படுவது சுலபம். அமராவதிக்காரர் ஒருவர் எழுந்து, சென்னையில் மட்டும் ஏன் இருக்கிறது என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

மியூசியம் என்றால் எழும்பூர் மட்டுமில்லை. கோட்டை மியூசியத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடியை வைத்திருக்கிறார்கள், அதற்காகவே போகலாம். முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள், திண்ணையில் உட்கார யாரும் தடுப்பதில்லை. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு உண்டாக்கிய ஓவியர் கிராமம். படம் விற்றால்தான் சோறு என்று இருக்கக்கூடாது என்பதற்காக பாத்திக் துணி, கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்தக் காசில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். கூட்டுறவு என்ற வார்த்தையைக் கலைக்காரர்கள் நிஜமாகவே செய்து காட்டிய இடம்.

தனியார் கேலரிகளைப் பற்றி ஒரே வார்த்தை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, அமைதி, நமக்கு உள்ளே போகக் கூச்சம். பல இடங்களில் டிக்கெட்டே கிடையாது. தள்ளித் திறந்துகொண்டு போங்கள். செருப்பைப் பார்த்து யாரும் விரட்டமாட்டார்கள். ஒருமுறை ஒரு இடத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள், அதற்குப் பதிலாக நான் ஒரு மணி நேரம் நின்று எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒரு சம்பவம். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் ஒரு நாள் நின்றுகொண்டிருந்தேன். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. வலக்கை ஒன்று காற்றில் எதன்மேலோ சாய்ந்திருக்கும், அங்கே இருக்கவேண்டிய காளை இல்லை. பக்கத்தில் ஒரு பாட்டி, பேத்தியோடு. பேத்தி அட்டையைப் படிக்கப் படிக்கப் பாட்டி ஊர்ப் பெயரில் நிறுத்தினார். “திருவெண்காடா? நம்ம ஊரு பக்கமாச்சே!” நிமிர்ந்து சாமியைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், பிறகு என்னை அங்கே வேலை செய்கிறவன் என்று நினைத்து, “தம்பி, இவருக்குப் பிரதோஷத்துக்கு யாரு தண்ணி ஊத்துறா?” என்று கேட்டார். நான் களிம்பு, உப்பு, ஈரம் என்று ஏதோ ஆரம்பித்தேன். பாட்டி கேட்கவில்லை. பேத்தியிடம் அந்த அட்டையைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

வருகிற ஞாயிறு காலை பாந்தியன் ரோடு வாசலில் இருப்பேன், வருகிறவர்கள் வாருங்கள். ஒரே ஒரு கூடம்தான் பார்க்கப்போகிறோம். வெள்ளிக்கிழமை போய் நின்றுவிடாதீர்கள், அன்று லீவு. அன்றைக்குப் பல்லாவரம் சந்தைக்குப் போங்கள். 1863இல் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் நம் நாட்டில் முதன்முதலாகப் பழைய கற்காலக் கருவி ஒன்றை, ஒரு கற்கோடரியை, கண்டெடுத்ததும் அந்த ஊரில்தான்.