இடியிலிருந்து வந்த வியப்பு

அவையோர்க்கு வணக்கம். வியப்பைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல இருப்பினும், இன்று 'அஸ்டானிஷ்' என்னும் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அது வியப்பைச் சொல்லப் பிறந்த சொல் அன்று, அடியைச் சொல்லப் பிறந்தது.

இலத்தீனில் 'டோனாரே' என்றால் இடி இடித்தல். ஆங்கிலத்தின் 'தண்டர்', வடமொழியில் இடிமுழக்கத்தைக் குறிக்கும் 'ஸ்தனயித்னு' ஆகியனவும் அதன் உறவினவே. அந்த வேரிலிருந்து வந்த 'எஸ்டோனர்' என்னும் பழைய பிரெஞ்சு வினை, ஒருவனை நினைவு தடுமாறும்படி தாக்குவதைக் குறித்தது. அது ஆங்கிலத்துக்குள் வந்து 'ஸ்டன்', 'அஸ்டவுண்ட்', 'அஸ்டானிஷ்' என மூன்றாகக் கிளைத்தது. மூன்றாவதன் ஈற்றிலுள்ள 'இஷ்', 'ஃபினிஷ்' போன்ற வினைகளைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்ட வால்.

ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் ஒரு காட்சி உண்டு. வேல்ஸ் நாட்டவர் அடையாளமாகத் தொப்பியில் செருகும் லீக் என்னும் வெங்காய வகைப் பூண்டைப் பிஸ்டல் என்பவன் ஏளனம் செய்திருந்தான். வேல்ஸ்காரனான ஃப்ளூயெல்லன் அவனைத் தடியால் புடைத்து, அதையே தின்ன வைக்கிறான். உடனிருக்கும் கவர் என்னும் படைத்தலைவன், 'போதும், அவனை அஸ்டானிஷ் செய்துவிட்டீர்' என்று தடுக்கிறான். இவ்விடத்தில் 'வியக்க வைத்தீர்' என்று மொழிபெயர்ப்பவர், அடிவாங்கியவனைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றே சொல்வேன். 'அவனுக்குப் பொறி கலங்கிவிட்டது' என்பதே பொருத்தம்.

இலத்தீனில் ஆழ்ந்த புலமையுடைய ஆங்கிலக் கவிஞர் மில்டன், 1667இல் வெளியிட்ட 'இழந்த சொர்க்க'த்தில், வானுலகிலிருந்து இடியால் துரத்தப்பட்டு நெருப்பேரியில் உணர்விழந்து கிடக்கும் வானவரை இதே சொல்லால் குறிக்கிறார். வேர்ப்பொருளை அறிந்தே அவர் அங்கே அதை வைத்தார் என்பது என் துணிபு.

வியப்புப்பொருள் ஓங்கிய பின்னும் அச்சம் அதைவிட்டு நீங்கவில்லை. ஆங்கிலத்தில் 'சப்லைம்' எனப்படும் பெருமாண்பைப் பற்றி 1757இல் எழுதிய சிந்தனையாளர் எட்மண்ட் பர்க், உள்ளத்தின் இயக்கமெல்லாம் சற்றே நடுக்கத்துடன் நின்றுபோகும் நிலையே 'அஸ்டானிஷ்மென்ட்' என்றார். தமிழிலோ தலையில் இடி விழுவது துயரச் செய்திக்கே உரியது; நல்லதொரு வியப்பில் நமக்கு யாரும் இடி விழுந்ததாகச் சொல்வதில்லை.